மூன்றாவது அலை

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
பேட்டரிக் கடைக்கு மேல் மாடி.
ஜன்னலைத் திறந்தால் கண்மட்டத்தில் லாரிச் சக்கரங்கள்.
இங்கே இருந்துதான்
குளச்சல் கடலை எழுதிக்கொண்டிருக்கிறேன்,
முன்னூறு மெகாபைட்டுக்குள்.

விளையாடிப் பார்க்க ஆன்சிலின் வருவான்.
களியக்காவிளை வண்டியில் கண்டக்டர்.
டியூட்டி முடிந்த காக்கியோடு உட்கார்ந்து
மூன்றாவது அலையில் பதினான்கு முறை செத்தான்.

அம்புக்குறி வைத்தேன். பார்க்கவில்லை.
'இங்கே தட்டவும்' என்று எழுதினேன்.
டிக்கெட்டின் பின்பக்கத்தை யார் வாசிக்கிறார்கள்?
பதினைந்தாவது முறை செத்துவிட்டு
"எளவு, ஒனக்க கடலு செரியில்ல" என்றான்.

சரியில்லைதான்.
அன்று இரவு எழுத்தையெல்லாம் அழித்தேன்.
முதல் நிமிடத்தில்
முழங்கால் உயரத்துக்கு ஓர் அலை.
தவறினால் படகு நனையும், அவ்வளவுதான்.
கொஞ்சம் தள்ளி இடுப்பளவு.
அவன் மறக்கத் தொடங்கும் இடம் பார்த்து
மறுபடி ஒன்று.
ஒவ்வோர் அலைக்கும் முன்னால்
இரண்டு விசில்.

மறுநாள் மூன்றாவது அலையைத் தாண்டினான்.
தாண்டியதைக் கவனிக்கவில்லை.
பழம்பொரியைக் கடித்துக்கொண்டே
நான்காவதற்குப் போய்விட்டான்.
"ரெண்டு விசில் கேட்டா வண்டி போணும்லா?"
யாரும் சொல்லித்தரவில்லை என்றே
இன்றுவரை சொல்கிறான்.
எனக்கு அதைவிடப் பெரிய சம்பளம் கிடையாது.
சம்பளமும் கிடையாது.

பிறகு கொச்சியிலிருந்து
பணம் போடுகிறவர் பேசினார்.
"கரையில் ஒரு பெட்டி வை. திறந்தால்
சிலநேரம் முத்து, பலநேரம் மணல்.
எப்போது எதுவென்று தெரியக்கூடாது."
தெரியும் சார், படித்திருக்கிறேன்.
கூண்டுப் புறா
கொத்திக்கொண்டே இருந்த அத்தியாயம்.
வைத்தேன்.

வியாழன் இரவு ஆன்சிலின்
அலைப்பக்கமே போகவில்லை.
விசில் கொடுத்தும் நகராத வண்டி மாதிரி
கரையிலேயே நின்று திறந்துகொண்டிருந்தான்.
என் திரையில் மணி ஏறியது:
ஒன்றரை, இரண்டு, இரண்டேமுக்கால்.
விடிகாலை நாலேகால் டிரிப்பை விட்டான்.
மெமோ வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்தான்.
"செம கேமுடே."

பெட்டியை எடுத்துவிட்டேன்.
எடுத்ததைக் கொச்சிக்கு இன்னும் சொல்லவில்லை.

இன்று வந்து தேடினான்.
"பெட்டி எங்கடே?"
"கடலு கொண்டுபோச்சு."
நம்பவில்லை.
அது இருந்த இடத்தைத் தட்டினான்.
இன்னும் வேகமாகத் தட்டினான்.
அதுவும் அந்த அத்தியாயத்தில் இருக்கிறது,
இரண்டு பக்கம் தள்ளி.

நான் எதுவும் பேசவில்லை.
பாலத்துக்குக் கீழே எந்த வண்டிக்கோ
யாரோ இரண்டு விசில் கொடுத்தார்கள்.
அவன் கட்டைவிரல் மட்டும்
லேசாக நிமிர்ந்தது.