ஒருவழி

செந்தூலில் ஒரு லோரோங்.
வரைபடத்தில் அம்பு கிழக்கே பார்க்கிறது.
நாற்பத்தொரு மோட்டார்த் தடங்கள்
மேற்கே போயிருக்கின்றன.

அம்புதான் தப்பு என்று
திருப்பிப் போடக் கை வைத்தேன்.
மனசு கேட்கவில்லை.
சனிக்கிழமை நேரில் போனேன்.

முருங்கைக் கிளைக்குப் பின்னால்
துருவேறிய சிவப்புத் தட்டு,
நடுவில் வெள்ளைக் கோடு: நுழையாதே.
அதன் கம்பத்தில் சாய்ந்து
தே ஐஸ் உறிஞ்சிக்கொண்டிருந்த பையன்
"சுத்திப் போனா
மூணு டிராபிக் லைட்டு, அக்கா" என்றான்.
மீ கோரெங் ஆறிவிடுமாம்.

வரைபடம் சரி.
தெருதான் தப்பு.
அதைத் திருத்த என்னிடம் பொத்தான் இல்லை.

குறிப்பில் எழுதினேன்:
நேரில் பார்த்தது. அம்பு அப்படியே இருக்கட்டும்.
அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.
வண்டியைக் கிளப்பி
மேற்கே விட்டேன்.

நாற்பத்திரண்டு.