உப்புக்குச் சுங்கம்

மூடுபனிக்குள்ளிருந்து முதலில் மணியோசை வந்தது,
பிறகு படகு.
ரைன் ஆற்றின் குறுக்கே சங்கிலி இறுகக் கிடந்தது.
"இறக்கு" என்றார் குரு.
"உள்ளே இருப்பது பேராயர் ஃபோல்க்வின்."

தெரியும் எனக்கு.
இந்தச் சுங்கச்சாவடியே அவர் கட்டியது,
வழிப்பறிக் குதிரைவீரர்களின் கோட்டையை இடித்து
அதே கல்லில், ஆற்றின் அதே திருப்பத்தில்.
கொள்ளை ஒழிந்தது என்றார்கள் சிலர்.
இப்போது ரசீது தருகிறார்கள் என்றார்கள் படகுக்காரர்கள்.

பிரபு வீட்டு மூன்றாம் பிள்ளை.
நிலம் மூத்தவனுக்கு, குதிரை அடுத்தவனுக்கு,
இவருக்கு லத்தீன்.
ஒரே ஒரு வாக்கில் பேராயரானார்;
அந்த வாக்கும் அவருடையதே என்பது ஊர்ப்பேச்சு.
பாலியம் வாங்க ரோமாபுரி போனார்:
மூன்று விரல் அகலத்தில் வெள்ளைக் கம்பளிப் பட்டை,
மேலே கறுப்புச் சிலுவைகள்.
இரண்டு ஆட்டுக்குட்டிகளின் ரோமம், அவ்வளவுதான்.
அதற்காக சியன்னா வட்டிக்காரர்களிடம் பட்ட கடன்
முப்பத்தொரு வருஷம் இந்த ஆற்றில் ஓடியது.
ஒயின் பீப்பாய்க்கு இரண்டு காசு,
கம்பளி மூட்டைக்கு ஒன்று,
உப்புக்கு மூன்று.

ஒருமுறை இங்கே வந்தார்.
இரும்புச்சட்டை கிலுகிலுக்க நிலைப்படியில் குனிந்து நுழைந்து
என் கணக்கேட்டைப் புரட்டி விரல் வைத்தார்:
"பதினொன்று, டீட்லீப். பன்னிரண்டு இல்லை."
சவுக்கடிதான் என்று நினைத்தேன்.
கையுறைக்குள்ளிருந்து ஒரு பேரிக்காய் எடுத்துத் தந்தார்.
வெதுவெதுப்பாக இருந்தது.
போகும்முன் முதல் தாளில் எழுதினார்:
எவருக்கும் விலக்கில்லை. எனக்கும்.

கடைசி ஒன்பது வருஷம் நகரம் அவருக்குக் கதவடைத்தது.
தன் பேராலயத்தை எதிர்க்குன்றிலிருந்து பார்த்தார்;
பாதிக் கோபுரத்தின் மேல் பாரந்தூக்கி
ஒற்றைக்கால் கொக்காய் நின்றது.
போன வாரம் கீழாற்றில்
யார் வீட்டுக் கல்யாணத்தையோ ஆசீர்வதிக்கப் போனவர்
காய்ச்சலில் முடிந்தார்.
செத்தபிறகு திறக்கச் சம்மதித்தது நகரம்,
அதுவும் மீன் இறக்கும் வாசலை.

நீளப் பெட்டியைத் தட்டினேன். நிறைந்த ஓசை.
"உப்பு" என்றேன். "மூன்று காசு."
குரு சிவந்தார், பிறகு வெளுத்தார்.
"உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா?"
"நினைக்கிறேன், சாமி."
முதல் தாளைத் திருப்பிக் காட்டினேன்.

குருவிடம் மெழுகுவர்த்திகள் இருந்தன, காசு இல்லை.
இரவு முழுக்கப் பேராயர்
தன் சங்கிலிக்குப் பின்னால் மிதந்தார்.

விடியும்போது வரிசையில் பதினேழு படகு.
கெபா ஏறி வந்தாள், ஹெர்ரிங் மீன்காரி.
ஜெபம் தவறினாலும்
அவரைச் சபிக்கத் தவறாதவள்.
"அவரால் என் மீன் நாறுகிறது" என்று
நான்கு காசை மேசையில் அறைந்தாள்.
யார் பெயரில் வரவு வைக்க என்றேன்.
"மீன் பெயரில்" என்று இறங்கிப் போனாள்.

சங்கிலியை இறக்கினேன்.
படகு போய் வெகுநேரம் மணி கேட்டது.

மீதி ஒரு காசு மேசையில் கிடக்கிறது.
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
விரல் வைத்துக் காட்ட ஆளில்லை.