தொங்கும் ‘இல்லையென்றால்’

வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய மூன்றாம் பயிற்சி
எடைப்பாலக் கூண்டில், டிக்கெட் கட்டுக்கு அடியில்
பாதி எழுதிக் கிடக்கிறது.
பகலில் கம்பைலர் வகுப்பு.
இரவில் பீடோங்குக்கு வெளியே
செம்பனை மில்லின் வாசலில் நான் கிராணி.
லோரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும், எழுதுவேன்.
குலைகளைக் கொட்டிவிட்டு வெறுமையாய் மறுபடி ஏறும்,
கழிப்பேன்.

டாக்டர் கோ சியூ லான் சொல்கிறார்:
சொற்களை ஒவ்வொன்றாக வாங்கு,
அடுக்கில் வை,
விதி பொருந்தும்வரை முடிவுக்கு வராதே.
மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள்.
எனக்கு இது வீட்டுப் பழக்கம்.
‘வடிவாம்பாள் மகன் போன மாசம் கடனில் எடுத்த மோட்டார் சைக்கிளை
ஜித்ராவில் இருக்கிற மச்சானிடம்...’
என்று அப்பா தொடங்குவார், போன் அடிக்கும், எழுந்து போய்விடுவார்.
விற்றானா, கொடுத்தானா, பறிகொடுத்தானா,
வினைக்காக
மச்சானையும் மோட்டார் சைக்கிளையும் கடனையும்
தலையில் அடுக்கிவைத்துக்கொண்டு
நாங்கள் மூன்று பேர் சோற்றைப் பிசைவோம்.

என் இலக்கணத்தில் ஒரு மோதல் என்றது கருவி.
நகர்த்துவதா, சுருக்குவதா?
ஒரு வரி எச்சரிக்கை, அவ்வளவுதான்.
பிறகு அது பாட்டுக்கு நகர்த்திவிட்டுப் போனது.
இரண்டு ‘என்றால்’,
ஒரே ஒரு ‘இல்லையென்றால்’.
எதற்குச் சொந்தம்?
பக்கத்தில் இருப்பதற்கு, என்றார் டாக்டர் கோ.
ஏன் பக்கத்தில் இருப்பதற்கு?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
‘யாருக்காவது கொடுத்துத்தானே ஆகணும்.’

கூண்டுக்கு வெளியே ஒரு பலகை.
மேனேஜர் மலாயில் எழுதியதற்கு அடியில்
யாரோ தமிழில் எழுதியது.
ஏழு மாதமாய் என் கண்ணெதிரே:

மழை என்றால்
குத்தகை லோரி என்றால் இரண்டு விழுக்காடு கழி
இல்லையென்றால் முழு எடை எழுது

பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்
மறுபடி படித்தேன்.
பக்கத்தில் இருப்பதற்கே கொடுத்தால்
மழையில்லாத இரவைப் பற்றி
பலகை வாயே திறக்கவில்லை.
வாய் திறக்காத இடத்தில்
எனக்கு முன்பிருந்த கிராணி கழித்தார்.
அவர் கழித்தார் என்று நானும் கழித்தேன்.

பதினொன்றரைக்கு பாக் சுகிமான் வந்தார்.
குத்தகை லோரி. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.
நிகர எடை எட்டு டன் நானூறு.
நூற்று அறுபத்தெட்டு கிலோவை
என் விரல் தானாகவே கழிக்கப் போனது.
நிறுத்தினேன்.
முழு எண்ணை எழுதி நீட்டினேன்.

அவர் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
‘கிராணி, கணக்கு தப்பாயிருக்கே’ என்றார் மலாயில்,
மெதுவாக,
தப்பு என்மேல் வந்துவிடக் கூடாதே என்பதுபோல.
சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.
இத்தனை நாள் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை.
மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பொத்தான் போட்டுக்கொண்டு போனார்.

ஏழு மாதத்தைப் பெருக்கிப் பார்க்கத் தொடங்கி
இரண்டாவது மாதத்தில் நிறுத்திவிட்டேன்.

சுண்ணாம்புக்கட்டி எடுத்தேன்.
‘மழை என்றால்’ முடிந்ததும் ஒரு வளைவு,
‘இல்லையென்றால்’ தொடங்குமுன் ஒரு வளைவு.
பயிற்சித் தாளிலும் அதையே போட்டேன்.
மோதல்: பூஜ்யம்.

காலை ஆறு மணிக்கு என்சிக் ரோஸ்லி
கோப்பிப் பொட்டலமும் கையுமாய்ப் பலகைமுன் நின்றார்.
அழிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.
இரண்டு தடவை உதடசைத்துப் படித்துவிட்டுக் கேட்டார்:
‘அப்படியென்றால்
மழையில் நம்ம தோட்டத்து லோரி வந்தால்?’

வளைவுகளுக்குள் தேடினேன்.
வெளியே தேடினேன்.

சுண்ணாம்பின்மேல் முதல் துளி விழுந்தது.
வாசலில் ஹாரன்.
தோட்டத்து லோரி பாலத்தில் ஏறுகிறது,
எண் நடுங்குகிறது,
இன்னும் நடுங்குகிறது.