புள்ளி ஒன்று

ஆனி மாதத்துக் கடல்
குறும்பனைச் சுவருக்கு அந்தப்புறம்
கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தது.
சோற்றை வடித்து வைத்துவிட்டு
அடுக்களை மேசையில் ஜி.பி.எஸ்ஸைத் திறந்தேன்.
நான்கு திருகுகள். மூன்று வந்தன.
நான்காவது துருவோடு ராசியாகி
உள்ளேயே இருந்துகொண்டது.
துளை போட்டுத்தான் எடுத்தேன்.

திறந்ததும் தேங்காய் எண்ணெய் மணம்.
துருப்பிடிக்காமலிருக்க ததேயூஸ் ஊற்றினானாம்,
ஒரு மூடி, பாசத்தோடு.
எண்ணெய்க்கு அடியில் உப்பு.
உப்புக்கு அடியில், செம்புக் கோடுகளில்,
குளத்துப் பாசிபோல் படர்ந்த பச்சை.

"மார்த்தாண்டத்துக்காரன் கைய விரிச்சாச்சு,
புதுசு எடுப்போம்" என்றான் வாசலிலிருந்து லிகோரி.
கொஞ்சம் கழித்து, குரலை இறக்கி:
"எனக்க பார் எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு."

பார் என்றால் பார்ப்பதல்ல எங்களுக்கு.
கடலடியில் மீன் கூடும் பாறை.
அவன் அப்பா மலையையும் கோயில் கோபுரத்தையும்
கண்ணால் முடிச்சுப்போட்டுக் கண்டுபிடித்தவை கொஞ்சம்,
இவன் பொத்தான் அமுக்கிச் சேர்த்தவை மீதி,
ஆகமொத்தம் இருநூற்றுப் பதினான்கு.
நோட்டில் எழுதி வை என்று அப்போதே சொன்னேன்.
நோட்டை எவனாவது பார்த்துவிடுவான் என்றான்.

பழைய பல் பிரஷ். மருந்துக்கடை ஸ்பிரிட்.
தேய்த்தேன், ஊதினேன்,
மல்டிமீட்டரின் இரு முனைகளை வைத்துக்
கோடு கோடாகக் கேட்டுக்கொண்டே போனேன்.
கீ என்றால் இருக்கிறது. சத்தமில்லையென்றால் அறுந்தது.
மின்சாரம் நுழையும் வாசலில் ஒரு டயோடு செத்திருந்தது.
பழைய சார்ஜரிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வைத்தேன்.
அறுந்த கோட்டுக்கு வயரின் ஒற்றை இழையில் பாலம்.

பிறகுதான் மூலையில் அதைப் பார்த்தேன்.
காசளவு பாட்டரி. விளிம்பில் வெள்ளை நுரை.
அந்த ஒழுகல்தான் பக்கத்துக் கோடுகளை அரிக்கிறது.
எடுக்காவிட்டால் போர்டு போகும்.
எடுத்தால் புள்ளிகள் போகும்:
அதன் இரண்டரை வோல்ட்டைப் பிடித்துக்கொண்டுதான்
இருநூற்றுப் பதினான்கும் எட்டு வருசமாய்த் தொங்குகின்றன.

எழுந்துபோய் மீன்குழம்பைச் சூடாக்கினேன்.
அது சூடாகத்தான் இருந்தது.

கோணம் பாலிடெக்னிக்கில் இது பாடத்தில் இல்லை.
உறங்கும் பிள்ளையை ஆள் மாற்றும்போது
அடுத்தவர் கை அடியில் வந்தபிறகுதானே
நம் கையை உருவுவோம்.
புதிய செல்லில் இரண்டு வயர் கட்டி,
அயர்ன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறுமுன்,
பழையது இருக்கும்போதே அதன் கால்களில் பற்றவைத்தேன்.
ஒரு நிமிடம் இரண்டும் சேர்ந்து தாங்கின.
பிறகு பழையதை வெட்டினேன்.
கத்தரிக்கோல் வழுக்கியது. எண்ணெய், ததேயூஸின் எண்ணெய்.

மழை விட்டிருந்தது. மொட்டைமாடியில்
படகுப் பாட்டரியில் இணைத்தேன்.
லிகோரி பக்கத்தில் நின்றான், பேசவில்லை.
திரை வெளுத்தது. மேகத்துக்கு மேலிருந்து
ஒவ்வொன்றாக ஏழு செயற்கைக்கோள்.
நடுவில் சின்னப் படகு ஒன்று முளைத்து
உடனே கத்தத் தொடங்கியது:
சேர வேண்டிய இடம் சேர்ந்தாயிற்று.

எந்த இடம்? புள்ளி ஒன்று.
"வாங்கின அண்ணைக்கு இங்க நிண்ணுதான்
அமுக்கிப் படிச்சேன்.
திரும்பி வரும்ப இதத்தான் வைப்பேன்."
துறையிலிருந்து வீடு நானூறு மீட்டர்.
எட்டு வருசத்தில் அது ஒருநாளும் கத்தியதில்லை.

அவன் இரண்டு, மூன்று, நான்கு என்று
தள்ளித் தள்ளி எண்ணத் தொடங்கினான்,
திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு,
என்னிடமிருந்துகூட.

கீழே வந்து ரெக்சிலினின் அலமாரியைத் துழாவினேன்.
பாலத்தின் மேல் நகப்பூச்சு பூச வேண்டும்,
உப்பு மறுபடி வரும்.
ரோஸ் மட்டும்தான் இருந்தது.