ஒன்றுக்குப் பூஜ்யம்

செப்டம்பரில் முதல் தோல்வி, முப்பத்தொன்றுக்கு ஆறு.
இரண்டாவது உள்ளூரில், நாற்பதுக்குப் பூஜ்யம்.
மூன்றாவதை மழை பாதியில் நிறுத்தியிருக்கலாம்;
நிறுத்தவில்லை.

நான் அலுவலக எழுத்தர்.
ஆர்வில் கல்லூரி அணியின் ஒவ்வோர் ஆட்டத்தையும்
பச்சை அட்டைப் பேரேட்டில் பென்சிலால் குறித்து
திங்கட்கிழமை மையில் ஏற்றுபவள்.
டகோட்டாக் காற்று ஜன்னலை உலுக்கினால்
எண்கள் சற்றுச் சாயும். அவ்வளவுதான் என் கைவரிசை.

அக்டோபர் முடிந்தும்
வெற்றிப் பத்தியில் ஒரு கீறல்கூட இல்லை.
பேருந்து ஓட்டும் ஸ்வென்ட்சன்
"எத்தனை?" என்று கேட்பதை விட்டுவிட்டார்.

பிறகு அந்த நவம்பர் சனி.
கோடுகளைப் பனி விழுங்கியிருந்தது;
பையன்கள் துடைப்பத்தால் பெருக்கிப் பெருக்கிக் காட்டினார்கள்.
அவர்கள் ஏழு, நாங்கள் ஆறு, மிச்சம் நாலு விநாடி.
கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று.
பந்தைப் பிடித்துத் தருபவனுக்கு விரல் முறிந்திருந்தது.
பயிற்சியாளர் திரும்பினார். பெஞ்சில் லைல் ஓஸ்ட்பி,
பருவம் முழுக்க அழுக்குப்படாத சட்டையோடு.
ஓடிப்போய் மண்டியிட்டான்.
கையுறையைப் பல்லால் உருவினான்.
முட்டைப் பந்தின் உச்சியில் ஒரு விரல் வைத்து
நட்டுப் பிடித்தான். உதைத்தது வேறொருவன்.
ஒன்பதுக்கு ஏழு.

அன்றிரவே எழுதினேன். பென்சில் இல்லை, நேரே மை.

ஜனவரியில் கடிதம்.
ஓஸ்ட்பிக்கு நிலவியலில் ஒரு பாடம் பாக்கியாம்;
களம் இறங்கத் தகுதியில்லையாம்.
வெற்றி எதிரணிக்கு. விதிப்படி பதிய வேண்டியது:
ஒன்றுக்குப் பூஜ்யம்.

இருபத்தாறு வருடம் பார்த்திருக்கிறேன்,
இந்த ஆட்டத்தில் எவரும்
ஒற்றைப் புள்ளியோடு வீடு போனதில்லை.
ஆறு உண்டு, மூன்று உண்டு, இரண்டுகூட உண்டு.
ஒன்று, காகிதத்தில் மட்டும் விளையும் கோதுமை.

எழுதினேன்.
ஆடியது பத்து. தோற்றது பத்து.

ஏப்ரலில் அவன் வந்தான்,
விட்டுப்போன தேர்வுக்குப் பணம் கட்ட.
பேரேடு திறந்து கிடந்தது. தலைகீழாகவே படித்தான்.
"அடிச்சிருக்கீங்க. ஆனா கீழே இருக்கிறது தெரியுதே."
"நிப்பு மெல்லிசு" என்றேன்.

சில்லறையை எண்ணினேன், தப்பு, மறுபடி எண்ணினேன்.
அதுவரைக்கும் அவன்
என் பேனா மூடியை மேசைமேல் செங்குத்தாய் நிறுத்தி
சுட்டுவிரல் நுனியால் அழுத்திக்கொண்டிருந்தான்.
மூடி சாயவில்லை.