செக்குபந்தி

குமுளி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்தான்
சிக்னல் நிற்கும்.
ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு
பின்னால் ஏலக்காய் மூட்டைகள் மணக்க
போர்ச்சுகலில் ஒரு வீடு வாங்கிக்கொண்டிருந்தேன்.

திரையில் பெட்ரீசியா.
டவுன்ஹவுஸ் என்கிறாள், சொகுசு என்கிறாள்,
மூன்று மாடி, உள்ளேயே லிப்ட்,
குளிர்காலத்தில் தானாகச் சூடேறும் தரை.
எங்கள் கம்பத்தில் அதற்குச் சித்திரை போதும் என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை, சிரித்துவைத்தாள்.

படத்தில் பால்கனியில் ஒரு வெள்ளைக்கார ஜோடி
கண்ணாடிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தது.
யார் இவர்கள்?
யாருமில்லை, கம்ப்யூட்டர் வரைந்தது.
பால்கனி?
அதுவும்தான். அஸ்திவாரம் தை மாதத்துக்கு மேல்.

நூர்நிஷாவுக்குத் தூக்கம் வரவில்லை.
காசு நம்முது,
அவங்க ஏன் அங்க உக்காந்திருக்காங்க?

சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில்
பத்திரம் எழுதும் தெய்வேந்திரனிடம் கொடுத்தேன்.
நாற்பத்தொரு பக்கம், தமிழாக்கத்தோடு.
எச்சில் தொடாமல் புரட்டினார்,
மரியாதையான காகிதம்.
கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
செக்குபந்தி எங்க பாய்?
கிழக்கே யாரு, தெற்கே யாரு,
மாமூல் வண்டிப்பாதை,
கிணத்துல பங்கு,
நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம்,
ஒண்ணையும் காணமே.
புதையல் கிடைச்சா யாருக்கு?

பெட்ரீசியாவிடம் கேட்டேன்.
வக்கீலுக்கு எழுதினாள்.
இரண்டு நாள் கழித்து ஒற்றை வார்த்தை வந்தது:
பொருந்தாது.

பேங்க் மேனேஜர் தலையைச் சொறிந்தார்.
ஒரு ஆளு வருஷத்துக்கு இவ்வளவு டாலர்தான்,
மீதிய வீட்டம்மா கணக்குல அனுப்புங்க.
படிவத்தைத் திருப்பி வைத்து
நோக்கம் என்ற கட்டத்தில் விரல் நிறுத்தினார்.

நோக்கம்.
தம்பியிடம் முதலீடு என்றிருந்தேன்.
ஜமாத்தில் மகள் படிப்பு என்றிருந்தேன்.
விலை ஏறிய வருஷம், பணம் கிடந்தது, அதுவும் உண்மை.
ஆனால் வண்டன்மேட்டில் பன்னிரண்டு ஏக்கர்,
முப்பது வருஷம் கரம் கட்டிய ரசீது,
இன்னும் வில்லேஜ் ஆபீசில் நான் உள்ளே போனால்
பாண்டி வந்நு என்கிறான் பியூன், பிரியமாகத்தான்.
அந்நியன் வாங்கும் நிலம் என்றால் என்னவென்று
பெட்ரீசியா எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
அங்கே எவனும் என்னைப் பாண்டி என்று சொல்லமாட்டான்.
வேறு ஏதோ சொல்வான்.
எனக்கு அது புரியாது.
அவ்வளவுதான் நோக்கம்.
கட்டம் சின்னது.

அதற்குள் நூர்நிஷா பேனாவை வாங்கிவிட்டாள்.
பாதிப் பணம் என் பேர்ல போகுதுன்னா
பாதி வீடு என் பேர்லதானே சார்?
மேனேஜர் என்னைப் பார்த்தார்.
நான் காலண்டரைப் பார்த்தேன்.
ஆமாம்மா என்றார்.
அப்ப மேல்மாடி எனக்கு.
அந்த ஜோடிய கீழ எறக்கச் சொல்லுங்க.

இருபத்தாறு வருஷத்தில்
அவள் பெயரில் ஒரு சிலிண்டர் மட்டுமே இருந்தது.
கையெழுத்துப் போட்டாள்,
இன்ஷியல் என்னுடையதா அவள் அத்தாவுடையதா என்று
கொஞ்சம் யோசித்து,
அத்தாவுடையதைப் போட்டாள்.

நேற்று பெட்ரீசியா மனை வரைபடம் அனுப்பினாள்.
தெய்வேந்திரனுக்குப் பொறுக்கவில்லை.
முத்திரையில்லாத வெள்ளைத்தாளில்
தன் மனசு ஆறுவதற்காக எழுதிக் கொடுத்தார்,
முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு:

பி ஏழு என்ற எண்ணுள்ள, இனிமேல் கட்டப்படவிருக்கும் வீட்டுக்கு
வடக்கே இன்னும் விலைபோகாத பி எட்டு,
தெற்கே பெயர் சொல்ல மறுத்துவிட்ட ஒருவரின் பி ஆறு,
கிழக்கே பொதுப்பாதை,
மேற்கே அட்லாண்டிக் சமுத்திரம்,

அங்கே நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.
இது யாரு பேர்ல இருக்கு பாய்?
தெரியலை என்றேன்.
சர்க்கார் புறம்போக்கு என்று
அடைப்பில் போட்டுக்கொண்டார்.