தேவை: பூஜ்யம்

டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால்
மிச்ச மானியம் பெர்லினுக்கே திரும்பிவிடும் என்று
கணக்காளர் ஓர்ட்வின் பதறியதால்
கட்டைவிரலால் அமுக்கி ஆளை எண்ணும் கருவிகள்
நாற்பது வாங்கினோம்.
ஆய்வு மையத்தில் நாங்கள் ஆறு பேர்.

முப்பத்தேழு இன்னும் உறை பிரியவில்லை.
இரண்டை வைத்து ஓர்ட்வினின் பிள்ளைகள்
ஜன்னலோரம் சிவப்புக் கார்களை எண்ணுகிறார்கள்.
ஒன்று என் கோட்டுப் பையில்.

வூப்பர்டால் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்.
கீழே ஆறு,
ஆற்றின் மேல் தண்டவாளத்தைத் தலையால் பற்றித்
தொங்கியபடி போகும் ரயில்.
மேலே மருத்துவமனை.
நடுவில் நூற்றுப் பதின்மூன்று படிகள்.
மலையேறும் முதல் பேருந்து நாலு ஐம்பத்திரண்டுக்கு.
மருத்துவமனைச் சலவைக்கூடம் திறப்பதோ நாலரைக்கு.

நிறுத்தத்துக் கம்பத்தில் மாட்டிய ஏழாம் கருவி
மூன்றே முக்காலிலிருந்து நாலரை வரை
பயணிகள் பூஜ்யம் என்கிறது.
பொய்யில்லை.
வராத பேருந்துக்கு யார் போய் நிற்பார்கள்?
எங்கள் கணினி அந்தப் பூஜ்யத்தைத் தின்று
'தேவை: பூஜ்யம்' என்று துப்ப,
நகராட்சி அதைப் படித்துத் தலையாட்ட,
பேருந்து மறுபடியும் வருவதில்லை.
போகாத ஊருக்கு வழி சொல்வது என்பார்கள்.
இது, தினம் போகிற ஊருக்கு
வழியே வேண்டாம் என்பது.

ஜனவரியில் பதினான்கு விடியல்கள்
எழுபதாம் படியில் நின்றேன்.
உப்புத் தூவாத படிகளில்
கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டு ஏறினார்கள்.
கையுறைகளின் நிறம்கூடத் தெரியாத இருட்டு.
டிக். டிக்.
தள்ளுவண்டியோடு ஒருத்தி,
அதில் குழந்தையில்லை, ரொட்டித் தட்டுகள்.
அவளை எந்த வகையில் சேர்ப்பது?
டிக்.

"பிள்ளை, என்னை ரெண்டு தரம் அமத்திப்போட்டீர்."
குகதாசன். சமையற்கூடத்தில் தட்டுக் கழுவுபவர்.
குளிரில் விரல் நடுங்கிவிட்டது என்றேன்.
"இதுக்கு ஆர் காசு தாறது?"
"அரசாங்கம். விண்ணப்பித்திருக்கிறோம்."
"எண்ணுறதுக்குக் காசு."
அடுத்த படியில் கால் வைத்து மூச்சு வாங்கினார்.
"அப்ப ஏறுறதுக்கு?"

அறுபத்தொரு பேர், சராசரியாக.

விண்ணப்பம் இருபத்தாறு பக்கம்.
'சமூகப் பயன்' என்ற கட்டத்துக்கு
ஆயிரத்து ஐந்நூறு எழுத்து, இடைவெளி உட்பட.
அவர் மூச்சு வாங்க நின்ற இடைவெளியையும்
அதற்குள்தான் திணித்தேன்.

மே மாதம் பதில் வந்தது.
முதல் மதிப்பீட்டாளர்: மிகச் சிறப்பு.
இரண்டாமவர்:
'பேருந்து விட்டால் இந்த அறுபத்தொரு பேர்
ஏறுவார்கள் என்பதற்குச் சான்றில்லை.
நடப்பதை அவர்கள் விரும்பக்கூடும்.'

கேட்டதில் பாதி கிடைத்தது.
புதிய கேமராக்கள், சரி.
லிஸ்பன் கருத்தரங்குக்கு விமானக் கட்டணம், சரி.
ஆளை வைத்து எண்ணுவது, நீக்கம்.
அந்த ஆள் நான்தான்.
ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது.
ஓர்ட்வின் காபி வாங்கித் தந்தார், தன் காசில்.

இன்று சம்பளத்தில் சேராத விடியல்.
ஜூன் என்பதால் கையுறையில்லாத கைகள் தெரிகின்றன.
எண்ணி முடித்தேன், அறுபது.
குகதாசன் வரவில்லை.
விடுப்போ, முழங்காலோ, வேறு வேலையோ.
கேட்டு வைத்திருக்கலாம்.
அட்டவணையில் அதற்குப் பத்தி இல்லையென்று
நானும் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

கீழே இறங்கி நிறுத்தத்தில் நின்றேன்.
நாலு ஐம்பத்திரண்டு சரியாக வந்து
எனக்காகக் கதவு திறந்தது.
ஏறவில்லை என்று கையசைத்தேன்.
ஏழாம் கருவி என்னை ஒன்று என்று பதிந்திருக்கும்.

பையில் இருப்பதைத் திருப்பித் தர வேண்டும்,
அதன் முதுகில் சொத்து எண் ஒட்டியிருக்கிறது.